முல்லைப் பெரியாறு அணையை நீருக்கடியில் படம்பிடிப்பதில் உள்ள சவால்கள்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீரில் மூழ்கியுள்ள சுவரை நேரடியாகப் பார்வையிட இயலாது. ஆகவே, உச்ச நீதிமன்றம் 2010-இல் அமைத்த நீதிபதி ஏ.எஸ்.ஆனந்த் தலைமையிலான குழுவின் ஆய்வின்போது, தொலைவிலிருந்து இயக்கப்படும் நீர்மூழ்கிக் கருவி மூலம் அச்சுவர் படம்பிடிக்கப்பட்டது.

ஆழம் கூடக் கூட ஒளி குறையும். சிவப்பு நிறம் முதல் சில மீட்டர்களிலேயே மறைந்துவிடும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், கேமராவுக்கு உறுதியான உறை தேவை. நேராகப் பாய்ச்சும் விளக்கொளி, நீரில் மிதக்கும் துகள்களில் பட்டுத் திரும்பிப் படத்தை மங்கச் செய்யும். எனவே, விளக்குகளைப் பக்கவாட்டில் பொருத்தி, சுவரை மிக நெருங்கிப் படம்பிடிக்க வேண்டும்.

தமிழகத்தின் தேனி, மதுரை உள்ளிட்ட 5 மாவட்டங்களின் நீர்த்தேவையும், அணைக்குக் கீழே வாழும் கேரள மக்களின் பாதுகாப்பும் இந்த அணையைச் சார்ந்துள்ளன. அணை பாதுகாப்பாக உள்ளதாக அக்குழு 2012-இல் அறிக்கை அளித்தது.