சிறாரின் கவனக்குறைவும் அறுவையற்ற மூளைத் தூண்டலும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஓரிடத்தில் அமர இயலாமை, எடுத்த பணியை முடிக்குமுன் மனம் வேறொன்றுக்குத் தாவுதல், எண்ணிப் பாராது செயலில் இறங்குதல் ஆகியவை குழந்தையின் வயதுக்குப் பொருந்தாத அளவில் நிலைத்துக் கல்வியையும் வீட்டுவாழ்வையும் பாதிக்கும்போது, மருத்துவம் அதனைக் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என வகைப்படுத்துகிறது. மண்டையோட்டைத் திறக்காமல் மின்சாரத்தாலோ காந்தப்புலத்தாலோ மூளையைத் தூண்டும் முறை இக்கோளாறுக்குரிய சிகிச்சையாக முன்வைக்கப்பட்டுள்ளது. அம்முறை சிறாரிடம் வந்து சேர்ந்த வரலாற்றையும் அதன் பயன் அளக்கப்பட்ட விதத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மருந்தின் தொடக்கம்

1937ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரோடு ஐலண்டு மாநிலத்தில் சார்லஸ் பிராட்லி என்னும் மருத்துவர், நடத்தைச் சிக்கல்கள் கொண்ட 30 சிறாருக்கு பென்செட்ரின் என்ற ஊக்க மருந்தை அளித்தார். அவர்களுள் 14 பேர் பள்ளிப் பாடங்களில் வியக்கத்தக்க முன்னேற்றம் கண்டனர். பின்னர் மெத்தில்ஃபெனிடேட் பரவலான மருந்தாயிற்று. எனினும் பசியின்மை, உறக்கக் குறைவு முதலிய பக்கவிளைவுகள் பெற்றோரை மருந்தில்லா வழிகளை நாடச் செய்தன.

மின்தூண்டலின் வருகை

1980இல் மெர்ட்டன், மார்ட்டன் ஆகிய இருவரும் தலையின் மேற்புறத்திலிருந்தே மின்னதிர்வால் மூளையைத் தூண்டிக் காட்டினர். ஆனால் அது வலி மிகுந்ததாக இருந்தது. 1985இல் ஷெஃபீல்டு நகரில் ஆண்டனி பார்க்கர் குழுவினர் காந்தப்புலத்தைப் பயன்படுத்தி அவ்வலியைப் பெரிதும் தவிர்த்தனர். 2000ஆம் ஆண்டு ஜெர்மனியின் கெட்டிங்கனில் நிட்ஷே, பவுலஸ் ஆகியோர், மென்மையான நேர்மின்னோட்டமும் மூளைப்புறணியின் கிளர்ச்சித்திறனைச் சிறிது நேரம் மாற்றவல்லது என நிறுவினர். இவை யாவும் வயதுவந்தோரிடம் தொடங்கியவை. கவனத்தை ஆளும் முன்மூளைப் பகுதிகளின் செயற்பாடு இக்கோளாறுள்ள சிறாரிடம் குறைந்திருக்கிறது என்னும் கருத்தே இம்முறைகளை அவர்களிடம் கொண்டுவந்தது.

போலிக் கருவி காட்டிய உண்மை

2019இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், மருந்து உட்கொள்ளாத 7 முதல் 12 வயது வரையுள்ள சிறாருக்காக ஒரு கருவியை அனுமதித்தது. நெற்றியில் ஒட்டப்படும் பட்டை வழியாக, குழந்தை உறங்கும் வேளையில் முக்கிளை நரம்பை அது தூண்டும். அனுமதிக்கு அடிப்படையான 4 வார ஆய்வில் 62 சிறார் பங்கேற்றனர். கருவி பெற்றவர்களின் அறிகுறி மதிப்பெண் 34.1இலிருந்து 23.4ஆகக் குறைந்தது, போலிக் கருவி பெற்றவர்களிடமும் அது 33.7இலிருந்து 27.5ஆகக் குறைந்தது. அதாவது, முதற்குழுவில் காணப்பட்ட முன்னேற்றத்தின் பாதிக்கு மேற்பட்ட அளவு, மெய்யான தூண்டலைப் பெறாத குழுவிலும் காணப்பட்டது. பெற்றோரின் நம்பிக்கை, அன்றாடக் கவனிப்பு, காலப்போக்கு ஆகியவையும் மதிப்பெண்ணை மாற்றவல்லன என்பதால், ஒப்பீடின்றிக் கருவியின் பயனைப் பிரித்தறிய இயலாது.

லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், 50 சிறுவர்களுக்கு 15 அமர்வுகளில் நேர்மின்னோட்டம் அறிவாற்றல் பயிற்சியுடன் அளிக்கப்பட்டது. போலித் தூண்டலைவிட அது மேம்பட்ட பயன் தரவில்லை. முக்கிளை நரம்புத் தூண்டலை 150 சிறாரிடமும் இளையோரிடமும் சோதித்து 2026இல் வெளியான பெரிய ஆய்வும் போலியினும் மிக்க பயனைக் காணவில்லை.

முடிவுரை

'ஊடுருவாத' என்னும் அடைமொழி கத்தியின்மையைச் சுட்டுமேயன்றி விளைவின்மையைச் சுட்டாது. வளரும் மூளையில் இத்தகைய தூண்டலை மிகுந்த எச்சரிக்கையுடன் கையாள வேண்டும் என நிக் டேவிஸ் 2014இலேயே வலியுறுத்தினார். ஊறு குறைவு என்பது ஒரு கூற்று. பயன் உண்டு என்பது வேறொரு கூற்று. முதலாவதற்குச் சான்று கிடைத்தமை இரண்டாவதற்குச் சான்றாகாது. பயனற்ற சிகிச்சையில் கழியும் மாதங்கள் குழந்தையின் கல்விக் காலத்திலிருந்தே கழிகின்றன. ஆதலின் அனுமதி பெற்ற கருவியையும் மீண்டும் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த முயற்சி, இவ்வரலாற்றில் கருவியின் கண்டுபிடிப்புக்கு நிகராக மதிக்கத்தக்கது.