போர்க்காலப் பாணும் போலி வாழைப்பழமும்

இரண்டு பாண் துண்டுகளுக்கிடையே பிறிதோர் உணவை வைத்து உண்பதற்குச் 'சாண்ட்விச்' என்ற பெயர் வந்த கதையை நேயர்களிற் பலர் அறிந்திருப்பர். இங்கிலாந்தின் கென்ற் பகுதியிலே சாண்ட்விச் என்றோர் ஊர் உண்டு. அவ்வூரின் பெயரைப் பட்டப்பெயராகக் கொண்ட பிரபுக்களுள் நான்காமவர் ஜோன் மொன்டேகு. 1718 முதல் 1792 வரை வாழ்ந்த இவர், சூதாட்ட மேசையை விட்டு எழ மனமின்றி, பாண் துண்டுகளுக்கிடையே இறைச்சியை வைத்துத் தரச்செய்து உண்டார் என்பது செவிவழிக் கதை. அன்று, கடற்படை அலுவல்களில் மூழ்கி எழுதுமேசையிலேயே உண்டிருக்கலாம் என்று அவருடைய வரலாற்றை ஆராய்ந்தோர் கூறுவர். எவ்வாறாயினும், 1762ஆம் ஆண்டு நவம்பர் 24ஆந் திகதி எட்வேட் கிபன் என்னும் வரலாற்றாசிரியர் எழுதிய நாட்குறிப்பிலே இவ்வுணவின் பெயர் காணப்படுகின்றது.

ஆகவே, பிறப்பால் இது செல்வர் உணவு. உள்ளே வைப்பதற்கு இறைச்சி இருந்தது. உண்பதற்கு நேரந்தான் இருக்கவில்லை. நேரம் இருந்து, உள்ளே வைப்பதற்கு ஒன்றுமில்லாத காலத்தில் இவ்வுணவு என்னவாயிற்று என்பதே இங்கே ஆராயத்தக்கது.

1861இல் வெளிவந்த பீற்றன் அம்மையாரின் இல்லப் பராமரிப்பு நூலிலே, நோயாளிக்குரிய உணவுகளுள் ஒன்றாக ஒரு விசித்திரமான சாண்ட்விச் கூறப்பட்டுள்ளது. வெண்ணெய் பூசிய இரண்டு பாண் துண்டுகளுக்கிடையே, வாட்டி ஆறவிட்ட மெல்லிய பாண் துண்டொன்றை வைத்து, உப்பும் மிளகும் தூவவேண்டும், அவ்வளவுதான். பாணுக்குள்ளே பாண்! கேட்போர் நகைப்பர். ஆயினும், எண்பது ஆண்டுகள் கழியுமுன் அந்நாட்டுக் குடும்பத் தலைவியர் யாவரும் அத்தகைய உபாயங்களைத் தேடவேண்டிய காலம் வந்தது.

இரண்டாம் உலகப் போர் 1939இல் மூண்டது. பிரித்தானியா தான் உண்ணும் உணவின் பெரும்பகுதியைக் கடல்வழியாகவே பெற்றுவந்த நாடு. ஜேர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் அவ்வழியை மறித்தன. 1940 சனவரி 8ஆந் திகதி பன்றியிறைச்சி, வெண்ணெய், சீனி ஆகியவற்றுக்குப் பங்கீடு தொடங்கியது. இறைச்சியும் தேயிலையும் பாற்கட்டியும் பின்தொடர்ந்தன. ஒருவருக்கு ஒரு வாரத்துக்கு இரண்டு அவுன்சு வெண்ணெய், இரண்டு அவுன்சு தேயிலை, ஒரு முட்டை என்ற நிலை வந்தது. பாற்கட்டியோ சில காலம் ஓர் அவுன்சாகவும் குறைந்தது.

இத்துன்பத்திலும் பாணுக்குப் போர் முடியும்வரை பங்கீடு விதிக்கப்படவில்லை. ஆனால் பாணின் நிறம் மாறியது. கோதுமையில் நூற்றுக்கு 85 பங்கை மாவாக்கிச் சுட்ட 'தேசியப் பாண்' 1942இல் வெண்பாணின் இடத்தைப் பிடித்தது. மங்கிய நிறமுடைய அப்பாணைப் பலர் வெறுத்தனர். எனினும், வயலுக்கும் சுரங்கத்துக்கும் தொழிற்சாலைக்கும் செல்வோர் கையிற் கொண்டுசெல்லத்தக்க உணவு அதுவே. உணவுச்சாலை வசதியற்ற கமத்தொழிலாளருக்கும் சுரங்கத் தொழிலாளருக்கும், பாணுக்குள் வைத்துக் கொண்டுசெல்வதற்கென்றே பாற்கட்டி கூடுதலாக வழங்கப்பட்டது. ஏனையோர் பாணுக்குள் எதை வைப்பது?

இவ்வினாவுக்கு விடை தேடுவதில் வானொலியும் பங்குகொண்டது. 1940 ஏப்ரலில் உணவமைச்சராக வந்த வூல்ற்றன் பிரபு, கடைத்தொழிலிற் பழகியவர். மக்கள் மனத்தை அறிந்தவர். அவ்வாண்டு யூன் மாதத்தில், 'அடுக்களைப் போர்முனை' என்று பொருள்படும் பெயருடன் பி.பி.சி. வானொலியில் காலை எட்டேகால் மணிக்கு ஐந்து நிமிட நிகழ்ச்சியொன்று தொடங்கியது. கடைக்குப் புறப்படுமுன் குடும்பத் தலைவியர் கேட்கத்தக்க வேளை அது. நகைச்சுவை நடிகையரும் அங்கே சமையல் பேசினர். அமைச்சின் துண்டுப் பிரசுரங்களும் வீடுதோறும் சென்றன.

அவற்றின் வழியே பாணுக்குள் புகுந்த பொருள்கள் பல. துருவிய பச்சைக் கரட்டும் அரிந்த கோவாவும் புகுந்தன. அவித்த பீற்றூட்டோடு சிறிதளவு பாற்கட்டி சேர்ந்தது. தகரத்தில் அடைத்த மீனை மசித்துக் கரட்டுடன் கலந்து பெருக்கினர். நண்டு கிடையாத இடத்தில் முட்டைத்தூள், பாற்கட்டி, மாஜரீன், சிறிது வினாகிரி ஆகியவற்றைக் குழைத்து, அதற்குப் 'போலி நண்டு' என்று பெயரிட்டனர். அமெரிக்காவிலிருந்து வந்த அம்முட்டைத்தூள் தகரம் ஒன்று பன்னிரண்டு முட்டைகளுக்கு ஈடாகக் கொள்ளப்பட்டது.

இவையெல்லாவற்றினும் மனத்தைத் தொடுவது 'போலி வாழைப்பழம்'. வாழைப்பழ இறக்குமதி 1940 நவம்பரில் நிறுத்தப்பட்டது. கப்பலில் இடம் வேண்டியிருந்தமையே காரணம். அதன்பின் பிறந்த குழந்தைகள் அப்பழத்தைப் படத்திலன்றி நேரிற் கண்டதில்லை. தாய்மார் என் செய்தனர்? கரட்டைப் போன்ற உருவமும் வெண்ணிறமும் இயல்பான இனிப்பும் உடைய பார்ஸ்னிப் என்னும் கிழங்கை அவித்து மசித்து, சிறிது சீனியும் வாழைப்பழ வாசனைச் சாரமும் சேர்த்துப் பாணிற் பூசிக் கொடுத்தனர். குழந்தைகள் அதனை வாழைப்பழமென்றே உண்டனர். அதற்காகச் செலவான சீனி, தாயின் தேநீரிற் குறைந்த சீனியாகவும் இருந்திருக்கும்.

போர் முடிந்தபின், 1945 டிசம்பர் 30ஆந் திகதி, 'ரிலாப்பா' என்னும் கப்பல் வாழைப்பழங்களுடன் ஏவன்மவுத் துறைமுகத்தை அடைந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கே அவை உரியன என அரசாங்கம் விதித்தது. அக்காலத்தில் தம் வீட்டில் நிகழ்ந்ததொன்றை, நாவலாசிரியர் ஈவ்லின் வோவின் மைந்தர் ஓபரன் வோ 1991இல் வெளிவந்த தம் நினைவு நூலிற் கூறியுள்ளார். பிள்ளைகள் மூவருக்கென மூன்று பழங்கள் வந்தன. அம்மூன்றையும் தந்தையாரே தம் தட்டில் வைத்து, கிடைத்தற்கரிய பாலாடையும் சீனியும் இட்டு, பிள்ளைகள் பார்த்திருக்க உண்டு முடித்தாராம். அறநெறி பற்றித் தந்தை கூறியவற்றை அதன்பின் தாம் மதிக்கவேயில்லை என்று மைந்தர் எழுதுகின்றார். பங்கீடு என்பது அட்டையில் மட்டும் இருந்தாற் போதாது. வீட்டு மேசையிலும் இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

போர் முடிந்தும் துன்பம் உடனே தீரவில்லை. போர்க்காலத்தில் தாராளமாய்க் கிடைத்த பாணுக்கே 1946 யூலை முதல் 1948 யூலை வரை பங்கீடு வந்தது. பங்கீடு முழுவதும் நீங்கியது 1954 யூலை 4ஆந் திகதியிலேயே.

இவ்வரலாறு இலங்கையருக்கு முற்றும் அயலானதன்று. அந்நாட்டார் அளந்து குடித்த தேயிலையில் இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் உழைப்பும் கலந்திருந்தது. 1942இல் பர்மா யப்பானியர் வசமானதும் இலங்கைக்கு வந்த பர்மா அரிசி நின்றுபோக, அரிசிக்குப் பங்கீடும் அதனுடன் கோதுமை மாவும் வந்தன. போர்த்துக்கேயர் மொழியிலிருந்து தமிழுக்கு வந்த 'பாண்' என்னும் சொல், சோறுண்ட வீடுகளிலும் அன்றாடச் சொல்லாகியது அத்தட்டுப்பாட்டின் பின்னரே.

சாண்ட்விச் பிரபுவின் பெயர் இன்றும் வழங்குகின்றது. கிழங்கை மசித்துப் பழமாக்கிய தாய்மாரின் பெயர்களை எவரும் எழுதிவைக்கவில்லை. ஆயினும், ஆறு ஆண்டுப் போரில் பிள்ளைகளை வாடவிடாது காத்தவர் யாரென வினவினால், அமைச்சருடனும் மாலுமிகளுடனும் அவர்களையும் சேர்த்தே எண்ணுதல் முறையாகும்.