சுடாமல் செதுக்கும் ஒளி

நீங்கள் கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி அணிபவரா? அதன் வில்லை ஒளிக்கதிர்களைச் சற்றே விரித்து அனுப்புகிறது. அதனால், விழித்திரைக்கு முன்பாகவே விழுந்துவிடும் பிம்பம் பின்னுக்குத் தள்ளப்பட்டுத் திரையில் விழுகிறது. ஆனால் கண்ணில் ஒளியை வளைக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது, விழியின் முன்புறமுள்ள கார்னியா என்னும் தெளிந்த படலமே. அதன் வளைவைக் குறைத்துவிட்டால் கண்ணாடி எதற்கு?

இதற்கு விடை தேடியதில் பலர் பார்வையை இழந்தனர். ஜப்பானிய மருத்துவர் சாட்டோ 1930-களின் இறுதியிலிருந்து கார்னியாவைக் கத்தியால் கீறிப் பார்த்தார். உட்புறமாகவும் கீறினார். உட்புறத்திலுள்ள ஒற்றை அடுக்குச் செல்களே கார்னியாவில் நீர் கோக்காமல் காக்கின்றன என்பது அன்று தெரியாது. பல ஆண்டுகள் கழித்து நோயாளிகள் பலருக்குக் கார்னியா கலங்கிப்போயிற்று. கண்ணாடி போட்டால் நன்றாகத் தெரிந்துகொண்டிருந்த கண்கள் அவை! 1970-களில் மாஸ்கோவில் ஃபியோதரவ் வெளிப்புறத்தில் மட்டும் ஆரக்கால்கள்போலக் கீறினார். பார்வை தெளிந்தது, எனினும் கார்னியா வலுவிழந்து, சிலருக்கு நாளடைவில் தூரப்பார்வை வந்தது.

1981-இல் அமெரிக்காவில், ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் இரங்கசாமி சீனிவாசன், ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோர் எக்ஸைமர் லேசரை ஆராய்ந்துகொண்டிருந்தனர். சீனிவாசன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற வேதியியலாளர். அந்நாட்டில் நவம்பரில் வரும் நன்றி நவிலும் நாளுக்கு வான்கோழி விருந்து வழக்கம். மறுநாள், வீட்டில் மிஞ்சிய வான்கோழித் துண்டை அவர் ஆய்வுக்கூடத்திற்கு எடுத்துவந்தார். 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் அதில் சீராகப் பள்ளம் பறித்தது. ஓரத்தில் கருகல் இல்லை. 532 நானோமீட்டர் பச்சை லேசர் பட்ட இடமோ கருகியது.

ஏன் இந்த வேறுபாடு? பச்சை ஒளியின் ஃபோட்டானுக்கு ஆற்றல் சுமார் 2.3 எலெக்ட்ரான் வோல்ட். அது திசுவைச் சூடாக்கத்தான் பயன்படும். புற ஊதா ஃபோட்டானுக்கோ 6.4. மூலக்கூறுப் பிணைப்புகளை நேரே அறுக்க இது போதும். கதிர் மேற்பரப்பிலேயே உட்கவரப்படுகிறது. அறுந்த துணுக்குகள் வெப்பத்தையும் சுமந்துகொண்டு பறந்துவிடுகின்றன. அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கார்னியாவில் ஒரு துடிப்பு அகற்றுவது கால் மைக்ரான் அளவே. எந்தக் கைக்கு இந்த நிதானம் வரும்?

1983-இல் கண் மருத்துவர் டிரோக்கல் இக்கதிரைக் கார்னியாவுக்குப் பயன்படுத்தலாம் எனக் காட்டினார். 1988-இல் மார்கரெட் மெக்டொனால்ட், பார்வையுள்ள கண்ணில் முதன்முதலாக இச்சிகிச்சையைச் செய்தார். புற்றுநோயால் அகற்றப்படவிருந்த தன் கண்ணை இதற்கெனத் தாமே கொடுத்தவர் ஒரு பெண்மணி. அமெரிக்க அரசின் அனுமதி 1995-இல் கிடைத்தது.

செதுக்கிய படலம் மீண்டும் வளராது. ஆகவே மருத்துவர் முதலில் கார்னியாவின் தடிமனை அளப்பார், மெலிந்திருந்தால் மறுத்துவிடுவார். நாற்பதுக்குமேல் வரும் வெள்ளெழுத்தையும் இது தடுக்காது. அது, கண்ணுக்குள்ளிருக்கும் வில்லை விறைப்பதால் வருவது.