நோயாளியின் கட்டிலும் எசமானின் கணக்கேடும்

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியிலே, நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் அவர்களின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றப்படுவதைக் கீழ்க்கரையில் அறியாதார் இலர். அவ்விழாவிற்கு வருவோரிற் பலர் நேர்த்திக் கடன் தீர்க்க வருவோர். பிள்ளையின் காய்ச்சல் தணிந்தால் இவ்வளவு, தாயின் கண் தெளிந்தால் இவ்வளவு என்று நேர்ந்து, சேலைத் தலைப்பிலே முடிந்து வந்த காசு அது. நோய் என்பது பணத்தோடு பிணைந்த ஒரு காரியம் என்பதை நம்மவர் காப்புறுதிக் கம்பனிகள் வருமுன்னரே அறிந்திருந்தனர். அந்தப் பணத்தைத் தருபவர் யார் என்பதே இன்று நாம் ஆராயப் புகும் வினா.

கல்முனைக்குடியாருக்கு நெடுங்காலமாக எசமான் என்று சொல்லத்தக்க ஒருவர் இருந்ததில்லை. கரைவலை இழுப்பவர் கூலியாளல்லர், அவர் பங்காளி. மீன் பட்டால் வலைக்காரருக்கு ஒரு பங்கும் இழுத்தவருக்கு ஒரு பங்கும் உண்டு. மீன் படாவிட்டால் எவருக்கும் ஒன்றுமில்லை. வயற்பக்கம் போனால் போடியாரும் வேளாண்மைக்காரரும் விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்வர். இழுக்கும் ஆள் படுத்த படுக்கையாய்க் கிடந்தால், பரிசாரியாருக்குக் கொடுக்க முன்பணமாக ஏதோ கிடைக்கும். அது பின்னர்ப் பங்கிலே கழியும். மிச்சத்தைக் குடும்பமும், குடியும், பள்ளியின் மரைக்காயர்மாரும் பார்த்துக் கொண்டனர். இந்த ஏற்பாட்டைப் புகழ்ந்து பாடுவதற்கில்லை. கடன்பட்டவன் தலை குனிந்தே நடக்க வேண்டியிருந்தது. எனினும் ஒருவன் எந்தக் கட்சிக்கு வாக்களித்தான் என்பதைப் பார்த்து அவனுக்கு மருந்து கொடுப்பதா மறுப்பதா என்று தீர்மானிக்க ஓர் அலுவலகம் அங்கே இருந்ததில்லை.

வேலை கொடுப்பவரே வைத்தியமும் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் இந்நாட்டிலே சட்டமாக வேரூன்றியது மலைநாட்டில். 1872ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கோப்பித் தோட்டப் பகுதிகளை வைத்திய வட்டாரங்களாக வகுத்து, அவற்றின் செலவைத் தோட்டங்களின்மேற் சுமத்திற்று. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் வழியிலும் லயங்களிலும் மடிந்த செய்தி இந்தியாவிலும் இங்கிலாந்திலும் எழுப்பிய கண்டனமே இச்சட்டத்தின் தாய். ஆனால் அது பிறந்த காலம் பொல்லாத காலம். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிச் செடியை ஆண்டுக்காண்டு தின்றுகொண்டிருந்தது. வருமானம் சுருங்கிய நேரத்தில் வைத்தியச் செலவு விரிந்தது. துரைமாரின் சங்கம் முணுமுணுத்தது. செலவு அரசாங்கத்தின் கடமை என்றனர் அவர். உங்கள் இலாபத்துக்கு உழைப்பவரை நீங்களே பேணுங்கள் என்றது அரசாங்கம். 1880இல் வேறொரு சட்டம் வந்து நிர்வாகத்தை அரசாங்கத்தின் கைக்கு மாற்றிற்று. பின்னர், தோட்ட விளைபொருளின் ஏற்றுமதித் தீர்வையிலிருந்து செலவுக்குப் பணம் எடுக்கப்படலாயிற்று. கோப்பி போய்த் தேயிலை வந்தபின்னும் அந்த வழக்குத் தீரவில்லை.

1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டத்தைப் படித்துப் பார்ப்போர் வியப்படைவர். லயங்களைச் சுகாதார நிலையில் வைத்திருத்தல், பிரசவித்த பெண்ணுக்கு ஒரு மாதகாலம் உணவும் உறையுளும் கொடுத்தல், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் போஷணையைக் கவனித்தல் ஆகியன யாவும் தோட்டத்துரையின் கடமைகள் என அது விதித்தது. அக்காலத்துக்கு இது சிறிய காரியமன்று. ஆயினும் இன்னார் நோயாளி, இன்னார் சோம்பேறி என்று முதலில் அறிந்து முடிவு செய்பவரும் அதே துரைதான். காலையிலே பெரட்டுக்களத்தில் நின்று பேர் பதிபவரின் கண்ணுக்கு, வயிற்றுவலியும் வாய்க்கொழுப்பும் சில நேரம் ஒன்றாகத் தோன்றும். வைத்தியச் செலவைக் கொடுப்பவரே ஆளை வேலைக்கு அனுப்புபவருமாக இருக்கும்போது, வைத்தியர் எழுதும் ஓய்வுச் சீட்டு கணக்கேட்டில் நட்டமாகவே பதியப்படும். தொழிற்சங்கம் தோட்டத்தினுள் நுழைந்த காலத்தில், சங்கத்துக்குச் சந்தா கொடுத்தவனின் நோவு இன்னும் மெதுவாகவே துரையின் காதுக்கு எட்டியிருக்கும் என்று எண்ணுவது மிகையாகாது.

கட்டில் எசமானின் கையிலிருந்து எங்ஙனம் விடுபட்டது? வாக்குச் சீட்டினால் என்று சுருங்கச் சொல்லலாம். 1931இல் ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. 1934ஆம், 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. வாக்குக் கேட்டுப் போனவர்கள் கிராமத்துக் குடிசைகளில் அந்தச் சாவுகளைக் கண்டனர். பார்த்தும் பேசாதிருந்தவர் அடுத்த தேர்தலில் அதற்கு விடைசொல்ல வேண்டியவராயினர். அதன்பின் ஊருக்கு ஊர் மருந்துச்சாலையும் வைத்தியசாலையும் எழுந்தன. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளில் அறவிடப்பட்ட கட்டணம் நீக்கப்பட்டது. கரைவலைக்காரரும், கைத்தறி நெய்பவரும், கச்சேரி லிகிதரும் ஒரே வாங்கில் அமர்ந்து, ஒரே வைத்தியருக்காகக் காத்திருக்கும் நிலை வந்தது. 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடத் தொடங்கியபோது, வருவோர் தொகை குறைந்தது. 1977இல் அச்சதமும் எடுபட்டது. 25 சதம் ஒரு பெருந்தொகையா என்று கேட்போர், அன்றாடங் காய்ச்சியின் வீட்டில் ஒருநாள் இருந்து பார்க்கட்டும்.

இவ்விடத்தே ஒரு கசப்பையும் சொல்லாமல் விடலாகாது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்து வந்த சட்டங்களும் மலைநாட்டுத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை வாக்கற்றவராக்கின. நாடு முழுவதற்கும் கட்டில் இலவசமான மூன்று ஆண்டுகளுக்கு முன்னேதான் இது நிகழ்ந்தது. அவர்களுடைய மருந்து தொடர்ந்தும் தோட்டத்திடமே தங்கி நின்றது. தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் வேலை 1970களில் தோட்டங்கள் தேசியமயமான பின்னரே தொடங்கி, பல பத்தாண்டுகள் இழுபட்டது. எவருக்கு வாக்கில்லையோ, அவருடைய நோயே எசமானின் கணக்கேட்டில் நீடித்தது.

இனி, வேலைத்தலத்தில் எழும் அரசியல் வேற்றுமையைப் பார்ப்போம். அதற்கு நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. கல்முனைக்குடியின் மேற்கே கல்லோயாப் பள்ளத்தாக்கில், 1949இல் நிறுவப்பட்ட அபிவிருத்திச் சபையின் கீழ், சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே எசமானின் சம்பளப் பட்டியலில் இருந்தனர். 1956 ஜூன் மாதத்தில் அரசகரும மொழி மசோதா பாராளுமன்றத்தில் இருந்த நாட்களில், ஒரே அணையில் மண் சுமந்தவர்கள் ஒருவரையொருவர் வேட்டையாடும் நிலை வந்தது. சபையின் வாகனங்களே கைப்பற்றப்பட்டுக் கலகத்துக்குப் பயன்பட்டன. பலர் மாண்டனர், தமிழ்த் தொழிலாளரும் குடியேறியோரும் கரையோரத்தை நோக்கி ஓடினர். அம்பாறை அப்போது தனி மாவட்டமன்று. 1961இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. எவருடைய சம்பளமும் எவராலும் குறையாத இடத்தில் மொழி ஒன்றே கூட்டாளியைப் பகைவனாக்கிற்று.

இரத்தம் சிந்தாத வேற்றுமை அலுவலகங்களில் நடந்தது. அரசாங்க லிகிதர்களின் சங்கம் மொழியால் பிளவுண்டது. தமிழ் பேசுவோர் அரசாங்க எழுதுவினைஞர் சங்கம் என்று தனியே கூடினர். 1961இல் திறைசேரி ஒரு சுற்றறிக்கை விடுத்தது. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியெய்தாதவருக்குச் சம்பள உயர்வு இல்லை என்பது அதன் சாரம். கேகாலைக் கச்சேரியில் லிகிதராயிருந்த செ. கோடீஸ்வரன் என்பார் பரீட்சைக்குத் தோற்ற மறுத்து, 1962இல் உயர்வை இழந்து, அரசின்மேல் வழக்குத் தொடுத்தார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம், முடிக்குரிய ஊழியன் சம்பளத்துக்காக வழக்காடவே முடியாது என்று தள்ளிற்று. 1969இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில், வழக்காட முடியும் என்றது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற பெருவினாவை மட்டும் திருப்பியனுப்பிற்று. 1972இல் வந்த புதிய அரசியலமைப்பு அவ்வினாவை விடையின்றியே புதைத்துவிட்டது.

இந்த வழக்கைச் சிறிது நீட்டிச் சொன்னதற்குக் காரணமுண்டு. ஏழாண்டுக்கு மேலாக எசமானாகிய அரசுடன் மல்லாடிய ஒரு மனிதர் எதை இழந்தார், எதை இழக்கவில்லை என்று எண்ணிப் பாருங்கள். சம்பள உயர்வை இழந்தார். ஆனால் அவர் வீட்டிலே யாரேனும் நோய்வாய்ப்பட்டிருந்தால், ஏனைய குடிமக்களைப் போலவே வைத்தியசாலைக்குப் போயிருக்கலாம். 1980 ஜூலையில் மாதம் 300 ரூபா உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்து, ஒரே வீச்சில் வேலை இழந்த ஏறத்தாழ 40,000 பேருக்கும் இது பொருந்தும். அவர்களிற் சிலர் அரசாங்க விடுதியை இழந்தனர். வாழ்வையே முடித்துக் கொண்டவரும் உண்டு. அத்தனை அழிவிலும், அவர்களின் பிள்ளைகளுக்கு வைத்தியசாலைக் கதவு மூடப்படவில்லை. அந்தக் கதவின் திறப்பு வேலைகொடுப்பவரின் சட்டைப்பையில் இல்லாதிருந்ததே காரணம்.

அத்திறப்பு எசமானின் பையிலிருந்தால் என்ன நிகழும் என்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகள் சான்று. இரண்டாம் உலக யுத்தகாலத்தில், 1942இல், அங்கே சம்பளத்தை உயர்த்தத் தடை விதிக்கப்பட்டது. ஆட்களைப் பிடித்து வைக்க விரும்பிய முதலாளிமார், தடைக்குட்படாத வைத்தியக் காப்புறுதியைக் கொடுத்தனர். 1954ஆம் ஆண்டின் வரிச்சட்டம் அதற்கு வரிவிலக்கை உறுதிசெய்தது. யுத்தத்தின் தற்காலிக ஏற்பாடு ஒரு நாட்டின் நிரந்தர வழக்கமாயிற்று. ஒரு குடும்பத்துக்கான ஆண்டுக் காப்புறுதிக் கட்டணம் சராசரியாக 1999இல் 5,791 டொலராக இருந்தது. 2024இல் 25,500 டொலரைத் தாண்டிற்று. அதிற் பெரும்பகுதியை முதலாளி கொடுப்பதாகச் சொல்லப்படினும், கொடாத சம்பள உயர்விலிருந்தே அதுவும் வருகிறது என்பர் பொருளியலாளர். பணத்தோடு போயிற்றா? 2014இல் ஹொபி லொபி என்னும் கம்பனியின் உரிமையாளர், தம் சமய நம்பிக்கைக்கு மாறான சில கருத்தடை முறைகளுக்குத் தம் ஊழியரின் காப்புறுதி பணம் தரலாகாது என வாதாடி, அந்நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் வென்றனர். 2019 செப்டெம்பரில் ஜெனரல் மோட்டர்ஸ் தொழிலாளர் 48,000 பேர் வரையில் வேலைநிறுத்தம் செய்தபோது, அக்கம்பனி அவர்களின் காப்புறுதிக்குப் பணம் கட்டுவதை நிறுத்திற்று. கூக்குரல் எழவே சில நாட்களில் மீண்டும் கட்டிற்று. அந்தச் சில நாட்களில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தவரின் இரவு எங்ஙனம் கழிந்திருக்கும்?

அந்த முடிச்சு இப்போது நம் நாட்டிலும் சிறுகச் சிறுக விழுந்து வருகிறது. அரசாங்க ஊழியருக்கு அக்ரஹார என்ற காப்புறுதித் திட்டம் 1997இல் தொடங்கிற்று. 2006ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அதனை நடத்துகிறது. மாதாந்தச் சம்பளத்தில் ஒரு தொகை கழிகிறது; கூடுதலாகக் கட்டுவோருக்கு வெள்ளி, தங்கம் என்று உயர் வகுப்புகளும் உண்டு. வங்கிகளும் பெரிய கம்பனிகளும் தத்தம் ஊழியருக்குத் தனியார் காப்புறுதி எடுத்துக் கொடுக்கின்றன. இத்தகைய காப்புறுதியின் கணக்கு எளிது. நூறு பேர் பணம் கட்டுகின்றனர். அவருள் பத்துப் பேர் நோயுறுகின்றனர். அப்பத்துப் பேரின் செலவு உயர்ந்தால் அடுத்த ஆண்டு நூறு பேரும் கூடக் கட்ட வேண்டும். 2022இல் ஒரு டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியது. நாம் உட்கொள்ளும் மருந்தில் மிகப் பெரும்பகுதி கடல் கடந்து வருவது. ஆகவே கட்டணம் ஏறிற்று. கட்டணம் ஏறினால் கம்பனி முதலில் செய்வது முதிய பெற்றோரை உறுதிப் பத்திரத்திலிருந்து நீக்குவது. அடுத்தது உச்சத் தொகையைக் குறைப்பது. அப்போது அலுவலகத்தில் இளையவர் முதியவரையும், மணமாகாதவர் பிள்ளைகுட்டிக்காரரையும் ஏறிட்டுப் பார்க்கத் தொடங்குவர். மொழியும் கட்சியும் செய்த பிரிவினை போதாதென்று நோயும் ஒரு கட்சியாகிவிடுகிறது.

கல்முனை நகரில் இன்று இரண்டு ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. வடக்கே ஒன்று, தெற்கே, 2000ஆம் ஆண்டு ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்த அமைச்சர் எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் பெயர் தாங்கிய மற்றொன்று. அருகருகே இரண்டு ஏன் என்று கேட்டால், இவ்வூரின் அரசியலை முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும். வேற்றுமை நமக்குப் புதிதன்று. ஆயினும் எந்த வாசலிலும் எவரிடமும் தொழில் என்ன, எசமான் யார் என்று கேட்டுவிட்டு மருந்து கொடுப்பதில்லை.

2022இல் அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டது. வெளியே வாங்கிவரும்படி துண்டெழுதிக் கொடுத்தனர். இவ்வூரிலும் விடுதியில் கிடந்தவர்களின் உறவினர், ஆசிரியர் வீட்டாரும் மீனவர் வீட்டாரும், அந்தத் துண்டோடு பிரதான வீதியின் மருந்துக் கடைகளில் ஒரே வரிசையில் நின்றனர். இருவர் கொடுத்ததும் ஒரே விலை. ஆசிரியர் வீட்டார் காப்புறுதிக்கு அனுப்புவதற்காக ரசீதை நான்காக மடித்துப் பையில் வைத்துக் கொண்டனர். மீனவர் வீட்டாருக்கு ரசீதை வைத்துச் செய்ய ஒன்றுமிருக்கவில்லை.