நில அதிர்வலை ஆய்வில் வேவ்லெட் முறை

நிலநடுக்கமானியின் பதிவில் எந்த அதிர்வெண் எந்த நேரத்தில் வலுத்தது என்பதை ஒரே படத்தில் காட்டும் கணக்கீட்டு முறை. கிடையச்சில் காலம், நிலையச்சில் அதிர்வெண் அல்லது அலைவுநேரம், வண்ணத்தில் ஆற்றல். கணிதத்தின் கொடையாக இன்று பேசப்பட்டாலும், வேவ்லெட் என்ற பெயரில் இது உருவானது எண்ணெய் தேடும் நிலவியற்பியலில்தான்.

ஃபூரியர் மாற்றம் ஒரு பதிவில் அடங்கிய அதிர்வெண்களைப் பிரித்துச் சொல்லும். அவை எப்போது வந்தன என்பதைக் கண்ணுக்குக் காட்டாது. 1946-இல் டென்னிஸ் கபோர் பதிவைத் துண்டு துண்டாகப் பார்க்க வழி சொன்னார். ஆனால் அவர் முறையில் எல்லா அதிர்வெண்ணுக்கும் துண்டின் நீளம் ஒன்றே. நிலநடுக்கப் பதிவுக்கு அது ஒத்துவராது: ஒரே பதிவில் ஒரு விநாடி அலையும் ஐம்பது விநாடி அலையும் கலந்து கிடக்கும். 1969-இல் ஜெவோன்ஸ்கி, பிளாக், லேண்டிஸ்மேன் மூவரும் மேற்பரப்பு அலைகளை ஆராயப் பல காஸியன் வடிகட்டிகளை வரிசையாகப் பயன்படுத்தினர். ஒவ்வொரு வடிகட்டியின் அகலமும் அதன் மைய அதிர்வெண்ணுக்கு ஏற்ப விரிந்தது. பின்னாளில் ழான் மோர்லே அமைத்த வேவ்லெட்டுக்கும் இதற்கும் சாராம்சத்தில் வேறுபாடு இல்லை. வரலாறு எழுதுவோர் இந்த மூவரைப் பெரும்பாலும் விட்டுவிடுவது நியாயமல்ல.

பிரான்சின் எல்ஃப் அக்கித்தேன் எண்ணெய் நிறுவனத்தில் பணியாற்றிய ழான் மோர்லே, பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அதிர்வுகளைப் பிரித்தறிய, வேவ்லெட் எனப்படும், வடிவம் மாறாத ஒரு சிறிய அலையை நீட்டியும் சுருக்கியும் பதிவோடு ஒப்பிட்டார். இதைப் பற்றிய அவர் குழுவின் கட்டுரைகள் 1982-இல் வெளிவந்தன. கணித அடித்தளத்தை மார்செய் நகர இயற்பியலாளர் அலெக்ஸ் கிராஸ்மன் அமைத்துத் தந்தார்; இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1984-இல் வந்தது. அதன்பின் இவ் மேயர், இங்க்ரிட் டோபெஷி, ஸ்டெஃபான் மல்லா ஆகியோர் கையில் இது தனிக் கணிதத் துறையாகவே வளர்ந்தது. மேயருக்கு 2017-இல் ஏபெல் பரிசு கிடைத்தது. மோர்லே 2007-இலேயே காலமாகிவிட்டார்.

பரவலான பயன்பாட்டுக்கு வழிவகுத்தவை மென்பொருள்களே. காலநிலை ஆய்வாளர்களான டாரன்ஸும் காம்போவும் 1998-இல் கட்டுரையோடு நிரல்களையும் இலவசமாகத் தந்தனர். நிலநடுக்க ஆய்வாளர்களும் அவற்றை எடுத்துக்கொண்டனர். 2006-இல் கிறிஸ்தெகோவா குழுவினர், கணினியில் உருவாக்கிய அதிர்வுப் பதிவு உண்மைப் பதிவிலிருந்து எங்கே, எந்த அதிர்வெண்ணில் விலகுகிறது என்று அளக்க இதே முறையைக் கையாண்டனர். 2010-இல் அறிமுகமான ஆப்ஸ்பை என்னும் பைத்தான் தொகுப்பில் அந்த அளவீட்டுக்கான நிரலும் உண்டு.

தொலைதூர நிலநடுக்கம் ஒன்றின் படத்தில் முதலில் முதன்மை அலை உயர் அதிர்வெண் பகுதியில் குறுகிய கீற்றாக விழும். அடுத்து இரண்டாம்நிலை அலை. பிறகு வரும் ரேலே என்னும் மேற்பரப்பு அலைதான் படத்தின் அழகு. நீண்ட அலைவுநேரம் கொண்ட பகுதி ஆழத்தில் உள்ள வேகமான பாறையை உணர்வதால் முந்தி வரும். 20 விநாடி அலை பல நிமிடம் பிந்தலாம். எனவே ஆற்றல் ஒரு சாய்ந்த பட்டையாகத் தெரியும். அந்தச் சாய்விலிருந்து புவியோட்டின் தடிப்பை மதிப்பிடலாம்.

இந்தப் படத்தை அப்படியே நம்பினால் ஆபத்து. வழக்கமான மோர்லே வேவ்லெட்டின் மைய அதிர்வெண் எண் 6. அந்த அமைப்பில் ஒரு விநாடி அலையின் ஆற்றல் உச்சிக்கு இருபுறமும் சுமார் 1.4 விநாடி பரவும். 20 விநாடி அலைக்கோ அது சுமார் 27 விநாடி. அதாவது அலை வந்துசேரும் முன்பே படத்தில் வண்ணம் ஏறிவிடும். அதைப் பார்த்து வருகை நேரத்தைக் குறிப்பது தவறு. எண்ணைக் கூட்டினால் அதிர்வெண் துல்லியமாகும், நேரம் மங்கும். இரண்டையும் ஒருசேரப் பெற எந்த மென்பொருளாலும் முடியாது. இன்னொரு சிக்கல் ஆற்றலின் அளவிடல்: டாரன்ஸ்–காம்போ அளவிடலில் ஒரே வீச்சுள்ள இரு அலைகளில் நீண்ட அலைவுநேரம் கொண்டதே வலுத்துத் தெரியும். 2007-இல் லியூ, லியாங், வைஸ்பெர்க் இதற்குத் திருத்தம் முன்வைத்தனர்.

ஆகவே இத்தகைய படத்தை வெளியிடுவோர் எந்த வேவ்லெட், எந்த எண், எந்த அளவிடல் என்ற மூன்றையும் படத்தின் கீழேயே எழுதிவிட வேண்டும். அவை இல்லாத படத்தை இன்னொருவர் சரிபார்க்க முடியாது.