காபி குடித்தால் தூக்கம் போகுமா, ஒளிந்துகொள்ளுமா? மூளைக்குள் நடக்கும் கெமிக்கல் ஆட்டம்!

'நைட் ஃபுல்லா உட்கார்ந்து படிச்சேன். எக்ஸாம் ஹால்ல ஒண்ணுமே ஞாபகம் வரல!' தேர்வு சீஸனில் அடிக்கடி காதில் விழும் புலம்பல் இது. நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள், ரீல்ஸ் பார்த்தே இரண்டு மணியைத் தாண்டுபவர்கள் எல்லோருக்கும் மறுநாள் இதே நிலைதான். தூங்காத இரவில் நம் மூளைக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

ஏறிக்கொண்டே போகும் மீட்டர்

நம் செல்களின் எரிபொருள் ஏ.டி.பி. மூளை வேலை செய்யச் செய்ய இது செலவாகி, அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகும். ஆட்டோ மீட்டர் மாதிரி, கண்விழித்ததும் ஓட ஆரம்பிக்கும். தூங்கினால்தான் இறங்கும். நரம்பு செல்களில் உள்ள ரிசப்டார்களில் அடினோசின் போய் ஒட்டியதும், அவற்றின் வேகம் குறையும். கொட்டாவி வரும், கவனம் சிதறும்.

காபி, டீயில் இருக்கும் கஃபைன், அந்த ரிசப்டார்களில் முந்திக்கொண்டு போய் உட்கார்ந்துவிடும். பஸ் சீட்டில் துண்டு போடுகிற கதைதான்! அடினோசின் எங்கும் போய்விடவில்லை. இடம் கிடைக்காமல் நிற்கிறது. கஃபைன் இறங்கியதும் மொத்தமாக வந்து உட்காரும். நாம் குடித்த கஃபைனில் பாதி குறையவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்த ஸ்ட்ராங் காபியில் பாதி, இரவு 11 மணிக்கும் உடலில் சுற்றிக்கொண்டிருக்கும்.

விழிக்கவைக்கும் டீம்

நாரட்ரினலின், டோபமைன், ஹிஸ்டமின், அசிடைல்கோலின்... நம்மை விழிப்பாகவும் கவனமாகவும் வைத்திருப்பது இந்த டீம். சில சளி, அலர்ஜி மாத்திரைகளைப் போட்டால் கண் சொருகுகிறதே, ஏன்? அவை மூளையில் ஹிஸ்டமினின் வேலையைத் தடுப்பதால்தான். இந்த டீமுக்கு கேப்டன், 1998-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரெக்சின். இதைச் சுரக்கும் செல்கள் அழிந்துபோனால், பட்டப்பகலில் திடீரென்று தூங்கிவிழும் 'நார்கோலெப்ஸி' நோய் வருகிறது.

தூக்கத்தில் நடக்கும் 'சேவ்'

விழித்திருக்கும்போது அசிடைல்கோலின் அதிகமாக இருப்பதால், மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதி புதிய விஷயங்களை உள்வாங்கும். ஆழ்ந்த தூக்கத்தில் அதன் அளவு நன்றாகக் குறையும். பகலில் படித்ததை ஹிப்போகேம்பஸ் மறுபடி ஓட்டிப் பார்த்து, பெருமூளைப் புறணிக்கு அனுப்புவது அப்போதுதான். தூங்காமல் படித்தால் பக்கங்கள் புரளும். ஆனால், படித்தது பதிவாகாது.

நமக்கே தெரியாத ஆபத்து

2003-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிலரை 14 நாள்கள் தினமும் 6 மணி நேரம் மட்டுமே தூங்கவைத்தார்கள். முடிவில் அவர்களின் கவனமும் நினைவாற்றலும், ஓரிரு இரவுகள் சுத்தமாகத் தூங்காதவர்களின் அளவுக்குக் குறைந்துபோயின. ஆனால் அவர்களோ, 'லேசாத்தான் தூக்கம் வருது' என்ற அளவில்தான் உணர்ந்தார்கள். 'எனக்கு ஆறு மணி நேரமே போதும் பாஸ்' என்று சொல்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

1997-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு இன்னும் அதிர்ச்சி. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் செயல்திறன், 100 மி.லி. ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவர்களுக்கு இணையாகக் குறைந்தது. இந்தியாவில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்படும் அளவே 30 மில்லிகிராம்தான்! காலை 6 மணிக்கு எழுந்தவருக்கு, அந்த 17 மணி நேரம் இரவு 11 மணிக்கே முடிந்துவிடும்.

என்ன செய்யலாம்?

* தினமும் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் அவசியம். தேர்வுக்கு முந்தைய இரவில் இன்னும் அவசியம்.

* மதியத்துக்குப் பிறகு காபி, டீ, எனர்ஜி டிரிங்க்குகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

* இரவில் வெளிச்சம் கண்ணில் பட்டால், 'இருட்டிவிட்டது' என்று உடலுக்குச் சொல்லும் மெலட்டோனின் குறையும். படுக்கைக்கு மொபைல் வேண்டாமே!

* பகலில் கண்ணைச் சுற்றினால் 20 நிமிடக் குட்டித் தூக்கம் கைகொடுக்கும்.

* இரவெல்லாம் விழித்துவிட்டு பைக்கை எடுக்காதீர்கள். பஸ்ஸோ, ஆட்டோவோ பிடித்துவிடுங்கள்.

* போதுமான அளவு தூங்கியும் பகலில் தூங்கிவிழுகிறீர்களா? சத்தமாகக் குறட்டை விடுகிறீர்களா? டாக்டரைப் பாருங்கள்.

அடினோசின் மீட்டரை இறக்க ஒரே வழிதான் இருக்கிறது. போய்த் தூங்குங்க பாஸ்!