பீங்கானுக்குள்ளால் வெளிச்சம்: உலையும் கரைசலும்

கண்ணாடிக்குள்ளால் பார்க்கலாம், பீங்கானுக்குள்ளால் பார்க்க ஏலாது. தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் பிடித்த நாளிலிருந்து நாங்கள் நம்பி வந்த விசயம் இது. இதில் பாதிதான் சரி.

அலுமினியம் ஒட்சைட்டை எடுத்துக்கொள்வோம். அது ஒற்றைப் பளிங்காக வளர்ந்தால் ஒளி தாராளமாகப் புகும். இரத்தினபுரியில் தோண்டி எடுக்கிற நீலக்கல்லும் அதே சேர்வைதான். நீல நிறம் மட்டும் அதற்குள் கலந்த இரும்பும் தைத்தேனியமும் கொடுத்தது. அதையே தூளாக்கி, அழுத்தி, உலையில் சுட்டால் சுண்ணாம்புக் கட்டி போல வெள்ளையாகிவிடும். பொருள் மாறவில்லை. மணிகளுக்கிடையில் சிறைப்பட்ட காற்றுத் துளைகள்தான் காரணம். அலுமினாவின் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 1.76, காற்றினுடையது 1. ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் ஒளி திசைமாறிச் சிதறும். கனவளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு துளை மிஞ்சினாலே தெளிவு கெட்டுவிடும்.

அந்தத் துளைகளைத் துரத்தியவர் என்று வரலாறு முதலில் சொல்லும் பெயர் றொபேட் கோபிள். அமெரிக்காவின் ஸ்கெனெக்டடியில் உள்ள ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுகூடத்தில் 1950களில் வேலை செய்தவர். சுடும்போது மணிகள் அவசரமாக வளர்ந்து துளைகளைத் தங்களுக்குள் விழுங்கிவிடுகின்றன. உள்ளே போன துளை பிறகு வெளியே வராது. கோபிள் மிகச் சிறிதளவு, ஒரு சதவீதத்துக்கும் குறைவான, மக்னீசியாவைச் சேர்த்தார். மணிகளின் வளர்ச்சி நிதானப்பட்டது, துளைகள் விளிம்பு வழியாக வெளியேறின. 'லுக்கலொக்ஸ்' என்ற பெயரில் வந்த இந்தப் பீங்கானை உருக்கிய கண்ணாடியின் இடத்தில் வைத்தார்கள். சூடான சோடிய ஆவி கண்ணாடியை அரித்துவிடும், இதை அரிக்காது. LED வருவதற்கு முன்பு வீதிகளில் எரிந்த அந்த மஞ்சள் விளக்குகளின் குழாய் இதுதான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேணும். லுக்கலொக்ஸ் வழியாக வெளிச்சம் வரும், எழுத்தை வாசிக்க முடியாது. எண்ணெய் தடவிய கடதாசி மாதிரி. அலுமினாப் பளிங்கு ஒளியைத் திசைக்குத் திசை வேறு வேறு அளவில் முறிக்கும். திசை மாறிக் கிடக்கும் பெரிய மணிகள் அடுத்தடுத்து இருந்தால், துளை இல்லாவிட்டாலும் சிதறல் உண்டு. மணியை மைக்குரோமீற்றருக்கும் கீழே சிறிதாக்கினால் இந்தச் சிதறல் மிகவும் குறையும். அதற்கு மிக நுண்ணிய தூள் வேணும்.

இங்கேதான் உலை தோற்றது. நுண்ணிய தூள் சும்மா இருக்காது. சரியாகக் கரையாத அரிசிமா போலக் கட்டி கட்டியாகச் சேரும். அப்படியே அழுத்திச் சுட்டால் ஒவ்வொரு கட்டியும் தனித்தனியாகச் சுருங்கி, இடையில் பெரிய துளைகளை விட்டுவிடும். சூட்டைக் கூட்டினால் மணிதான் பெருக்கும்.

பதில் தண்ணீரில் இருந்தது. தூளை நீரில் கரைத்துப் பாரிஸ் சாந்து அச்சுக்குள் ஊற்றுவதும், அச்சு நீரை உறிஞ்சிக்கொள்வதும் பீங்கான் தொழிலாளர்களுக்குப் பல தலைமுறையாகத் தெரிந்த வேலை. துணிக்கைகள் ஏன் ஒட்டுகின்றன, எப்போது ஒன்றையொன்று தள்ளும் என்ற கணக்கைச் சோவியத்தில் தெரியாகினும் லந்தாவும் 1941இலும், நெதர்லாந்தில் வேர்வேயும் ஓவர்பீக்கும் 1948இலும் எழுதினார்கள். அமிலத்தன்மையைச் சரிசெய்து மேற்பரப்பில் ஒரே ஏற்றத்தை உண்டாக்கினால், அல்லது பல்பகுதியம் ஒன்றைச் சேர்த்தால், துணிக்கைகள் பிரிந்து மிதக்கும், கட்டிகள் உடையும், படியும்போது நெருக்கமாக அடுக்கப்படும். அச்சிலேயே ஒழுங்காக அடுக்கிவிட்டால் குறைந்த சூட்டில் சுட்டால் போதும், மணி பெருக்காது. 1980களில் பிரெட் லாங்கே போன்றவர்கள் குறையை உலையில் தேடாதீர்கள், தூளைக் கையாளும் விதத்தில் தேடுங்கள் என்று வலியுறுத்தினார்கள். ஜேர்மனியின் டிரெஸ்டனில் அந்திரேயாஸ் கிறெலின் குழு, அச்சுக்குள்ளேயே கூழாக உறையும் கரைசலில் தொடங்கி, கடைசியில் வாயு அழுத்தத்தில் சூடேற்றி, மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த தடிப்புள்ள தட்டினூடாகப் பாதிக்கு மேற்பட்ட ஒளி நேராகப் போவதை 2003இல் காட்டியது. நீலக்கல்லின் பொருளில், சுட்ட தட்டு.

எங்கள் பாடப்புத்தகங்களில் உலைக்குத்தான் மரியாதை. கரைசலைக் கலக்குகிறவருக்கு ஒரு வரிகூட இல்லை. எங்களுக்கு இது நியாயமாகப் படவில்லை.

இதே வழியில் யப்பானின் கொனோஷிமா கெமிக்கல் நிறுவனம் இன்னொரு பொருளை, லேசர்களுக்கான YAG எனும் பீங்கானைச் செய்தது. அதன் பளிங்கு எல்லாத் திசையிலும் ஒரே அளவில் ஒளியை முறிப்பதால் மணி பெரிதானாலும் பிரச்சினையில்லை, துளைதான் எதிரி. நுண்தூள் கரைசல், அச்சு, வெற்றிட உலை. அந்த நிறுவனத்தின் தட்டுகளை வைத்து அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுகூடம் 2007 அளவில் 67 கிலோவாற்று லேசரை இயக்கியது. அந்த லேசர் வீதி விளக்குக்கானது அல்ல. இராணுவத்தின் பணத்தில், போர்க்களத்தை மனதில் வைத்துச் செய்தது. இதைப் படித்தபோது எங்களில் ஒருத்தி, "கோப்பை செய்கிற வழியில் இதுவுமா" என்று கேட்டாள். ஓம், இதுவும்தான்.